மூலப் பதிவும் நகற் பதிவும்

ஓர் அலுவலகத்தின் பதிவேட்டைப் பார்த்துக் கிளை அலுவலகத்தில் நகல் எழுதப்பட்டு வருவதாகக் கொள்வோம். மூலத்தில் 1,000 வரிகளும் நகலில் 990 வரிகளும் உள்ளன. எழுதுபவர் பத்து வரிகளை விட்டுவிட்டாரா, இன்னும் எழுதி முடிக்கவில்லையா? கணினித் தரவுத்தளங்களை நகலெடுக்கும்போதும் இவ்வினாவே எழுகின்றது. விடை காணுமுன் நகலைத் திருத்த முற்படுவது கேடு விளைக்கும்.

மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளத்தில், மூலக் கணினி தன் மாற்றங்களையெல்லாம் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதுகின்றது. நகற் கணினியில் ஒரு செயற்கூறு அக்குறிப்புகளைக் கொணர்கின்றது. மற்றொன்று அவற்றை நிறைவேற்றுகின்றது.

முதலில், எண்ணிக்கை எவ்வாறு பெறப்பட்டது என ஆராய்தல் வேண்டும். இன்னோடிபி வகை அட்டவணைகளுக்கு விவரப் பட்டியல் காட்டும் வரித்தொகை வெறும் மதிப்பீடே. உண்மையினின்று 40 முதல் 50 சதவிகிதம் வரை அது மாறுபடலாம். ஆகவே இருபுறமும் வரிகளை நேரே எண்ணச் செய்தல் வேண்டும்.

அடுத்தது தாமதம். தாமத அளவு சுழி என்று காட்டினும் ஐயம் தீராது. குறிப்புகளைக் கொணரும் கூறு பின்தங்கினால், நிறைவேற்றும் கூறு கைக்கு வந்தவற்றை முடித்துவிட்டுச் சுழி காட்டும். மூலத்தில் நொடிதோறும் நேரத்தைப் பதிந்து, அப்பதிவு நகலுக்கு எப்போது வந்து சேர்கின்றது என நோக்குவதே தக்க சோதனை. முதன்மைச் சாவியற்ற பெரிய அட்டவணைகளும், ஒரே கட்டளையில் இலட்சக்கணக்கான வரிகளை நீக்குவதும் தாமதத்திற்கு வழக்கமான காரணங்கள்.

எண்ணிக்கை ஒத்திருப்பினும் உள்ளடக்கம் ஒத்ததாகாது. அட்டவணையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றின் சரிபார்ப்புத் தொகையையும் ஒப்பிடல் வேண்டும். நகலில் எவரும் நேரே எழுதாவண்ணம் அதனைப் படிப்பதற்கு மட்டுமே திறந்து வைத்தலும் இன்றியமையாதது.

2018 அக்டோபர் 21 அன்று கிட்ஹப் நிறுவனத்தில், அமெரிக்கக் கிழக்குக் கரையில் இணைப்பு 43 நொடிகளே அறுந்தது. அதற்குள் மேற்குக் கரைத் தரவுத்தளங்கள் மூலமாக உயர்த்தப்பட்டன. இரு கரைகளிலும், மற்றதில் இல்லாத பதிவுகள் சேர்ந்துவிட்டன. விரைவைவிடப் பதிவுகளின் நேர்மையே பெரிதென்று கருதிய பொறியாளர்கள், காப்பு நகல்களை மீட்டு, பின்தங்கியவை எட்டிப்பிடிக்கும் வரை பொறுத்திருந்தனர். சேவை முற்றும் சீராக 24 மணி 11 நிமிடங்கள் சென்றன.

எண்ணி, பொறுத்து, ஒப்பிட்ட பின்னரே திருத்துக என்பதே இத்துறையின் முதற் பாடம்.