பனி விழாத ஊருக்கு எந்த டயர்?

பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அது பதிவான நாள் 1884 ஜனவரி 13. அதற்குப் பிறகு வந்த எந்த மார்கழியும் தை மாதமும் அந்த அளவுக்கு இறங்கவில்லை. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே போகும் ஊர்களில்தான் குளிர்காலத்துக்கென்று தனி டயர் தேவை என்பது டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. நகரத்தின் சரித்திரத்திலேயே கடுமையான குளிர்கூட அந்த எல்லைக்குள் நுழைந்ததில்லை.

ஆனாலும் ‘ஆல்-சீசன்’ என்ற சொல் பெங்களூரு கார்க்காரர்களின் காதில் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. டொரொண்டோவில் இருக்கும் தம்பி வாங்கியிருப்பார், அமெரிக்க யூடியூப் சேனல் ஒன்று அதற்கு மதிப்பெண் போட்டிருக்கும். எல்லாப் பருவத்துக்கும் ஒரே டயர் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லில் இருக்கும் ‘பருவம்’ அவர்கள் ஊரின் பருவம். பெங்களூரில் காரைச் சோதிக்கும் பருவம் ஒன்றே ஒன்று, அது மழை. புது டயருக்குப் பணம் எடுத்து வைப்பவர் கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது “எத்தனை கிலோமீட்டர் வரும்?” என்பதல்ல, “ஈர ரோட்டில் எப்படிப் பிடிக்கும்?” என்பதுதான்.

குளிர்நாட்டுக் கதையை முதலில் பார்த்துவிடலாம். டயர் ரப்பர் குளிரில் இறுகும். கோடைக்கால டயரின் கலவை வெயிலில் குழைந்துபோகாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டது. உறைநிலைக்கு அருகில் அது விறைத்துப்போய், சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் அமராமல் வழுக்கும். குளிர்கால டயரின் கலவை குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். அதன் பட்டன்களில், அதாவது சாலையைத் தொடும் ரப்பர் கட்டிகளில், கத்தியால் கீறியதுபோல நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் உண்டு. அவைதான் பனியைக் கவ்வுகின்றன. பின்லாந்தின் நோக்கியன் நிறுவனம் 1934-லேயே லாரிகளுக்குக் குளிர்கால டயரைச் செய்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசமாக, 1977-இல் அமெரிக்காவில் குட்இயர் நிறுவனம் டியெம்போ என்ற பெயரில் ஆல்-சீசன் ரேடியலைக் கொண்டுவந்தது. சமரசம் என்பதால் லேசான பனிக்குப் போதும், கெட்டித்த பனிக்கும் கண்ணாடிபோல உறைந்த சாலைக்கும் போதாது.

கனடாவின் ஸ்கார்பரோவிலோ மொன்றியாலிலோ கார் ஓட்டும் தமிழர்கள் இதை முதல் குளிர்காலத்திலேயே கற்றுக்கொள்கிறார்கள். கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரியிலிருந்து குளிர்கால டயர் மாட்டியவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்பது விதி. அங்கே டயர் வாங்குபவர் அதன் பக்கச் சுவரில் மூன்று சிகரம் கொண்ட மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1999-இல் வந்த அந்தச் சின்னம், பனியில் சோதித்துத் தேறிய டயருக்கு மட்டுமே கிடைக்கும். ‘எம்+எஸ்’ என்ற எழுத்துகளோ சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தானாகவே போட்டுக்கொள்வது, அதற்குச் சோதனை கிடையாது. ‘எம்+எஸ்’ எழுத்தோடு மலைச் சின்னமும் உள்ள, ஆண்டு முழுக்க மாட்டியிருக்கக்கூடிய டயர்களை அங்கே ‘ஆல்-வெதர்’ என்று தனியாக விற்கிறார்கள். குளிர்காலத்துக்கென்று இரண்டாவது செட் வாங்கி வைக்க இடமில்லாத அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு நேர்மையான தீர்வு அதுதான்.

இந்தியாவில் இந்தக் கவலை மணாலி, குல்மர்க், லடாக் பக்கத்தோடு நின்றுவிடுகிறது. 2020 அக்டோபரில் 9.02 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ஜனவரியில்கூட மணாலியிலிருந்து லாஹௌல் வரை கார்கள் போகின்றன. தென்னிந்தியாவிலிருந்து காரை ஓட்டிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. அந்தச் சில நாட்களுக்காக டயரை மாற்ற வேண்டியதில்லை. இயங்கு சக்கரங்களுக்குச் சரியான அளவில் பனிச் சங்கிலி வாங்கி, வீட்டு வாசலிலேயே ஒருமுறை மாட்டிப் பழகிக்கொண்டு போனால் போதும். பனி கொட்டும் நாளில் போலீசார் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டிகளை மட்டும் அனுப்பினால், மற்றவர்கள் உள்ளூர் டாக்ஸியில் ஏறிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இனி பெங்களூரு. ஏப்ரல், மே மாதங்களில் மாம்பழ மழை, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பெருமழை என்று ஆண்டில் இரண்டு முறை இந்த ஊர் நனைகிறது. 2017-இல் பெய்த 1,696 மில்லிமீட்டர் என்ற உச்சத்தை 2022-ஆம் ஆண்டின் மழை அக்டோபருக்குள்ளாகவே முறியடித்துவிட்டது. அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிவட்டச் சாலை ஏரியாகி, ஐடி ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போன படங்களை நாடே பார்த்தது. வெள்ளத்தில் மூழ்கும் நாட்கள் அபூர்வம். ஆனால் சாலையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தண்ணீர் படலமாக நிற்கும் மாலைகள் ஆண்டுதோறும் ஏராளம், காரின் பிடி நழுவுவது அப்படிப்பட்ட மாலைகளில்தான். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் தூசியும் முதல் மழையில் கரைந்து சாலையைக் குழகுழவென்று ஆக்கும் அந்த முதல் அரைமணி நேரம் மிகவும் ஆபத்தானது.

தண்ணீருக்கும் டயருக்கும் இடையில் நடப்பதை 1963-இல் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் வால்டர் ஹார்னும் ராபர்ட் டிரெஹரும் ஒரு சூத்திரமாக எழுதினார்கள். ஓடுபாதையில் விமானங்கள் வழுக்குவதைப் புரிந்துகொள்ளச் செய்த ஆய்வு அது. டயர் வேகமாக உருளும்போது முன்னால் இருக்கும் தண்ணீர் ஒதுங்க நேரமில்லாமல் அடியில் ஆப்புபோல நுழைகிறது. ஒரு வேகத்துக்கு மேல் டயர் சாலையைத் தொடாமல் தண்ணீரின் மேலேயே மிதக்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் இருந்தும் இல்லாத மாதிரிதான். காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஏறத்தாழ 16.7-ஆல் பெருக்கினால் அந்த வேகம் கிடைக்கும். 32 பிஎஸ்ஐ காற்று இருக்கும் டயருக்கு மணிக்குச் சுமார் 94 கிலோமீட்டர், காற்று 25-க்கு இறங்கிவிட்டால் 83 கிலோமீட்டர். பெங்களூரு–மைசூரு விரைவுச் சாலையில் கார்களுக்கு அனுமதித்த வேகம் 100.

இது பட்டன் பள்ளங்களால் வடிக்க முடியாத அளவுக்குத் தண்ணீர் நிற்கும்போது பொருந்தும் கணக்கு. பள்ளங்கள் ஆழமாக இருந்தால் தண்ணீர் அவற்றின் வழியே வெளியேறிவிடும். புது கார் டயரில் அந்த ஆழம் 7, 8 மில்லிமீட்டர் இருக்கும். இந்தியச் சட்டம் அனுமதிக்கும் கடைசி எல்லை 1.6 மில்லிமீட்டர். பள்ளத்துக்குள் குறுக்காகச் சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான அடாக், கோடை டயரையே 3 மில்லிமீட்டரில் மாற்றச் சொல்கிறது. மழைநாட்டில் வாழும் நமக்கு அந்த அறிவுரை இன்னும் அதிகமாகப் பொருந்தும். ஆகஸ்டில் 3 மில்லிமீட்டர் மிச்சமிருக்கும் டயரைத் ‘தீபாவளி வரைக்கும் ஓட்டலாம்’ என்று தள்ளிப்போடுவது, அது மிக அவசியமான மூன்று மாதங்களிலேயே பிடி இல்லாமல் ஓட்டுவதாகும்.

பள்ளம் தண்ணீரை வடிக்கும், ஆனால் ஈரத்தில் பிடிக்கும் வேலை ரப்பர் கலவையுடையது. 1992-இல் மிஷெலின், கரிப்பொடியின் பெரும்பகுதிக்குப் பதிலாகச் சிலிக்கா சேர்த்த கார் டயரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எரிபொருள் மிச்சம், ஈரப்பிடிப்பு இரண்டும் ஒரே டயரில் கிடைக்க ஆரம்பித்தது அப்போதுதான். மிகக் கெட்டியான கலவை நீண்ட நாள் உழைக்கும், ஆனால் மழையில் வழுக்கும். டாக்ஸிக்காரர்களிடையே ‘எண்பதாயிரம் ஓடும்’ என்று பேர் வாங்கிய டயர், வாரம் ஒருமுறை குழந்தைகளோடு ஓசூர் போய்வரும் குடும்பத்துக்குச் சரிப்படாமல் போகலாம். இந்தியாவில் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பது பலருக்குத் தெரியும். 2022 ஜூனில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஈரப்பிடிப்பு, உருளும்போது ஏற்படும் தடை, இரைச்சல் ஆகியவற்றுக்கும் வரம்பு விதித்தது. அது தேர்ச்சி மதிப்பெண் மட்டும்தான், முதல் மதிப்பெண் யாருக்கு என்று அது சொல்வதில்லை. சில டயர்களின் பக்கச் சுவரில் ‘டிராக்‌ஷன்’ என்று பொறித்திருக்கும். அது அமெரிக்கத் தரமுறையில் ஈரச் சாலையில் நேர்கோட்டு பிரேக் சோதனையின் விடை. அதில் ‘ஏஏ’ உயர்ந்தது, ‘சி’ கடைசி. பக்கத்திலேயே இருக்கும் ‘டிரெட்வேர்’ எண் உழைப்பைக் குறிப்பது. கடைகளில் பெருமையாகச் சுட்டிக்காட்டுவது அந்த எண்ணைத்தான்.

அளவு விஷயத்தில் சாகசம் வேண்டாம். 185/65 ஆர்15 88ஹெச் என்றால் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 65 சதவீதம், ரேடியல், 15 அங்குல ரிம். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கும், ஹெச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதற்கும் அடையாளம். 2018-இல் வந்த மாருதி ஸ்விஃப்டின் கீழ்நிலை மாடல்களில் 165/80 ஆர்14, மேல்நிலை மாடல்களில் 185/65 ஆர்15 டயர்கள் இருந்தன. கணக்குப் போட்டுப் பார்த்தால் முதலாவதன் மொத்த விட்டம் 620 மில்லிமீட்டருக்கு அருகில், இரண்டாவது 621.5. அகலமும் ரிம்மும் மாறினாலும் விட்டம் மாறவில்லை. கம்பெனி பொறியாளர்கள் அதைக் கவனமாகக் காப்பாற்றுகிறார்கள், ஏனென்றால் வேகமானியும் ஏபிஎஸ்ஸும் அந்த விட்டத்தை நம்பி வேலை செய்பவை.

அழகுக்காகப் பெரிய அலாய் வீலும் ஒல்லியான பக்கச் சுவரும் மாட்டுகிறவர்களுக்குப் பெங்களூரு தண்டனை தராமல் விடாது. மழை நின்ற மறுநாள் எந்தப் பள்ளம் எங்கே திறந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பெயின்ட் அழிந்த ஹம்ப் ஒன்று திடீரென்று முளைத்திருக்கும். பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவில் டயர் நசுங்கும்போது உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்து, இரண்டொரு நாளில் பக்கச் சுவரில் முட்டைபோல ஒரு புடைப்பு எழும். அதற்குப் பஞ்சர் கடையில் வைத்தியம் கிடையாது. அந்த டயரோடு நெடுஞ்சாலை ஏறக்கூடாது. உயரமான பக்கச் சுவர் இந்த அடியை உள்வாங்கிக்கொள்ளும். 165/80 டயர் பார்க்கச் சாதுவாக இருந்தாலும் இந்த ஊருக்கு மிகத் தோதான டயர்.

ஜேசி ரோட்டிலோ வேறு எங்கோ கடைக்குப் போகும்போது, பல குடும்பங்கள் ஒரேயடியாக நான்கு வாங்குவதில்லை. முன்சக்கரங்கள் இழுக்கும் கார்களில் முன் டயர்கள் சீக்கிரம் தேய்வதால், இரண்டு புதிது வாங்கி முன்னாலேயே மாட்டச் சொல்வார்கள். கடைக்காரரும் அப்படியே மாட்டிவிடுவார். மிஷெலின் உட்பட டயர் நிறுவனங்கள் சொல்வது இதற்கு நேர்மாறு: புதியவை இரண்டும் பின்னால், பழையவை முன்னால். காரணம் மழைதான். முன் டயர்கள் தண்ணீரில் நழுவினால் கார் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். பின் டயர்கள் நழுவினால் காரின் பின்பக்கம் சுழன்று முன்னே வரும். அதைத் திருப்பிப் பிடிக்கும் பயிற்சி நம்மில் யாருக்கும் கிடையாது. கடைக்காரர் தயங்கினாலும் இந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

பில் போடுமுன் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண்ணைத் தேடிப் படிக்க வேண்டும். 2325 என்று இருந்தால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. தேதி பழையதாக இருந்தால் வேறு எடுத்துவரச் சொல்லலாம். தள்ளுபடி விலையில் வரும் டயர்களில் இதை அவசியம் பார்க்க வேண்டும். பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும், ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பத்து ஆண்டுக்கு மேல் ஓட்டவே கூடாது என்பது நிறுவனங்களின் அறிவுரை. கார் டயருக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-இல் 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியிருக்கிறது, பில்லில் அதையும் பார்த்துக்கொள்ளலாம். நைட்ரஜனுக்குத் தனிக் காசு கேட்டால் யோசிக்கலாம்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் அதுதான்.

பேலன்சிங்கும் வீல் அலைன்மென்ட்டும் முடித்துக் கிளம்பும்போது, புது டயரின் மேற்பரப்பில் அச்சிலிருந்து பிரிப்பதற்காகப் பூசிய வழுவழுப்பு இன்னும் ஒட்டியிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் அது தேய்ந்து போகும்வரை பிடி முழுமையாக வராது. மழைக்கு முன்பே மாற்றிவிட்டால் காய்ந்த சாலையில் அதைத் தேய்த்து முடிக்க அவகாசம் கிடைக்கும். ஸ்டெப்னியிலும் அன்றே காற்றைச் சரிபார்த்துவிடுவது நல்லது.