ஆறேகால் லட்சம் போனஸ்!

போன தீபாவளிக்கு எங்கள் ஆபீஸ் அட்டெண்டருக்கு 6,25,001 ரூபாய் போனஸ் போட்டேன். மானேஜருக்கே அதில் பத்தில் ஒரு பங்கு கிடையாது!

தாராள மனசெல்லாம் இல்லை, சார். பைத்தான் படித்த கொழுப்பு.

பாம்பு என்று பயப்படாதீர்கள். 1991-ல் கய்டோ வான் ராசம் என்கிற டச்சுக்காரர் வெளியிட்ட கம்ப்யூட்டர் மொழி அது. 'மான்ட்டி பைத்தான்' என்ற பிரிட்டிஷ் டி.வி. காமெடியிலிருந்து பெயரைப் பிடித்தாராம். காமெடி என் தலையில் விடியும் என்று யார் கண்டது?

போனஸ் லிஸ்ட் ஃபைலாக வந்தது. ஆளுக்கு ஒரு வரி. பெயர், முகவரி, பின்கோடு, போனஸ். நடுநடுவே கமா. இப்படிப்பட்ட நீள வரியைத் துண்டு போட்டு லிஸ்ட்டாகத் தர பைத்தானில் 'ஸ்ப்ளிட்' இருக்கிறது. 'கமா வந்தால் வெட்டு' என்று சொன்னால் போதும். கல்யாண வீட்டுச் சமையல்காரர் வெண்டைக்காய் நறுக்குகிற வேகம்! துண்டுகளைப் பூஜ்யத்திலிருந்து எண்ணணும். பெயர் 0, முகவரி 1, பின்கோடு 2, போனஸ் 3. '3-ஐ எடுத்து சிலிப் அடி' என்று எழுதினேன். ஒரே நிமிஷத்தில் 112 சிலிப்! காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், என் டேபிள் அருகே அட்டெண்டர் அண்ணன். கையில் சிலிப் நடுங்குகிறது.

"தம்பி, இது நம்ம பணமில்லப்பா. வேற யாருதோ மாறி வந்திருக்கு. அவங்களும் தீபாவளிக்குக் காத்துக்கிட்டிருப்பாங்கல்ல? பாத்துக் குடுத்துருங்க."

பார்த்தேன். வியர்த்தது. 625001... ரூபாயா அது? மதுரை பின்கோடு!

நடந்தது இதுதான். மற்றவர்களுக்கெல்லாம் தெருப் பெயர் மட்டும். இவருக்கு மட்டும் யாரோ அக்கறையாக '12, மேல மாசி வீதி' என்று கதவு எண்ணோடு அடித்திருந்தார்கள். அது முகவரிக்குள் இருக்கிற கமா என்று காட்ட, இரட்டை மேற்கோளும் போட்டிருந்தார்கள். ஸ்ப்ளிட்டுக்கு மேற்கோளாவது, மண்ணாவது! கமாவைக் கண்டால் வெட்டு. 12 தனி, வீதி தனி. நாலு துண்டு ஐந்தாகி, எல்லாம் ஒரு இடம் தள்ளி உட்கார, போனஸ் நாற்காலியில் பின்கோடு! அவருடைய நிஜ போனஸ் 7,000 ரூபாய், நான் எட்டியே பார்க்காத 4-ம் நம்பர் நாற்காலியில்.

இந்த வியாதிக்கு மருந்து 2003-லேயே பைத்தானோடு சேர்ந்து வந்துவிட்டது. பெயர் 'சி.எஸ்.வி.' மாட்யூல். மேற்கோளுக்குள் இருக்கும் கமாவில் அது கை வைக்காது. அதை வைத்து மாற்றி எழுதினேன். கூடவே இரண்டு வாட்ச்மேன் போட்டேன். துண்டுகள் நாலு இல்லையென்றால் அந்த வரியிலேயே நிற்கணும். கடைசியில் வருகிற மொத்தத் தொகை, கணக்குப் பிரிவின் கூட்டலோடு ஒத்துப்போகணும்.

லிஸ்ட் பேங்க்குக்குப் போக இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. தப்பித்தேன்!

புது சிலிப்பை நீட்டினேன். ஏழாயிரத்தை இரண்டு தரம் படித்துவிட்டு அண்ணன் சிரித்தார்.

"இதான் தம்பி நம்மது."

"அண்ணே, நீங்க பாட்டுக்குப் பேசாம இருந்திருந்தா?"

"பேங்க்ல எப்படியும் கண்டுபிடிச்சிருவாங்க. உங்க வேலை போயிருக்கும்ல?"

அன்றைக்கு டீயும் வடையும் என் செலவு. அன்றிலிருந்து, கல்யாணப் பத்திரிகைக்கு விலாசம் எழுதினால்கூட கமா போடும்போது கை நடுங்குகிறது!