கச்சானுக்கு வடகரை, வாடைக்குத் தென்கரை

ராமநாதபுரம் கடற்கரையில் திறந்தவெளியில் உட்கார்ந்து சாப்பிட எந்த இடம் நல்லது என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. மண்டபம் முனையும் பாம்பன் தீவும் கிழக்கு நோக்கி நீண்டு கிடக்க, வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அலை அடங்கிய வடகடலைப் பெண்கடல் என்றும், இரைச்சலோடு புரளும் தென்கடலை ஆண்கடல் என்றும் உள்ளூரில் சொல்வார்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது தென்கரையில் சோற்றோடு மணலையும் மெல்ல வேண்டியிருக்கும். அதே நேரத்தில் வடகரை குளம் போலக் கிடக்கும். ஐப்பசி மழை தொடங்கி வாடை எழுந்துவிட்டால் நிலைமை தலைகீழ். மீனவர்கள் படகைக் கொண்டுபோய் நிறுத்தும் கரையையே சாப்பிட வருகிறவர்களும் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம் இருக்காது.

இந்தக் கரையின் பெயர் பெற்ற திறந்தவெளி உணவிடம், பாம்பன் தீவின் கோடியில் இருக்கும் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் ஊரையும், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலையும் கடலுக்குள் இழுத்துச் சென்றது. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கிருந்து விலகவில்லை. நெடுங்காலம் முகுந்தராயர் சத்திரத்தோடு தார்ச்சாலை முடிந்துவிடும். அதற்கு மேல் மணலில் வேனில் குலுங்கிக்கொண்டுதான் போக வேண்டும். 2017இல் நிலம் முடியும் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டதும் சாலையோரம் ஓலைக் கொட்டகைகள் வரிசையாக முளைத்தன. நடத்துகிறவர்களில் பலர் மீனவ வீட்டுப் பெண்கள். கணவரோ மகனோ கொண்டுவரும் மீன் அங்கேயே கழுவப்பட்டு, மசாலா பூசித் தட்டில் அடுக்கப்படுகிறது.

அந்தத் தட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒருபுறம் வட்டத் துண்டு போட்ட சீலா, பக்கத்தில் முழுதாகக் கீறி வைத்த விளமீனும் சங்கராவும், ஓரத்தில் வளையமாக அரிந்த கணவாய், ஓடு உடைத்த நண்டு. சிவப்பு மசாலாவில் பெரும்பாலும் இந்த மாவட்டத்தின் முண்டு மிளகாய் இருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த உருண்டை வற்றல், வறட்சியோடு போராடும் மானாவாரி நிலத்தில் விளைவது. நாக்கைச் சுட்டாலும் அதற்குள் ஒரு மணம் உண்டு. பிடித்த மீனைக் கைகாட்டி, விலையை முதலிலேயே கேட்டுக்கொண்டு, பொரிக்கச் சொல்வதுதான் முறை. அளவுக்கும் இனத்துக்கும் ஏற்ப விலை மாறும். கண் தெளிவாகவும் செவுள் சிவப்பாகவும் இருக்கும் முழுமீனைக் கேட்டு வாங்குவதே நல்லது. துண்டு போட்டு மசாலா பூசிவிட்டால் மீனின் வயது தெரியாது.

குடிக்கும் நீரும் அங்கே வியப்புக்குரியது. இருபுறமும் உப்புக்கடல் இருந்தும், மணலில் சில அடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். மணலுக்குள் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும். சாலை வந்தபின் பெருகிய கூட்டம் இந்த ஊற்றுகளுக்குப் பெரிய சுமை. குப்பையும் அப்படித்தான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை இருந்தாலும், காற்று அடிக்கும் இந்த நிலத்தில் கைவிட்ட தாள்தட்டுகூட நொடியில் கடலில் போய் விழும். எச்சில் தட்டைத் தொட்டியில் போடும்வரை கையைவிட்டு விடக்கூடாது. இருட்டுவதற்கு முன் காவல்துறை எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடும் என்பதால் தனுஷ்கோடி மதியச் சாப்பாட்டுக்கான இடம் மட்டுமே.

ராமேஸ்வரம் ஊருக்குள் கோயிலைச் சுற்றி சைவம்தான். கோயிலின் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடுவதற்கு முன் அக்னி தீர்த்தக் கடலில் முழுகி எழுந்தவர்கள் ஈரத் துணியோடு நின்று குடிக்கும் தேநீருக்கு, குறிப்பாக மார்கழி வாடையில், ஈடு கிடையாது.

பாம்பனில் சாப்பாட்டைவிடக் காட்சிக்கே மதிப்பு அதிகம். சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திக் கடலை கொறிப்பது நெரிசலையும் விபத்தையும் கொண்டுவரும் பழக்கம். கீழே இறங்கிக் கரையோரம் உட்காருவதே சரி. 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட, நடுப்பகுதி செங்குத்தாக மேலேறும் புதிய ரயில் பாலத்தை அங்கிருந்து நன்றாகப் பார்க்கலாம். 1914இல் திறந்த பழைய பாலத்தின் வழியே போட் மெயில் ரயில் ஓடிய காலத்தில், தனுஷ்கோடியில் கப்பலேறியவர்கள் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்குப் போனார்கள். அந்தக் கொழும்பின் காலிமுகத்திடலில் இறால் வடையைக் கடற்காற்றில் நின்று தின்பது இன்றும் மாலை வழக்கம். இறாலுக்குக் குறைவில்லாத பாம்பன் கரையில் அப்படி ஒரு பண்டம் ஊர்ப்பெயரோடு நிலைக்காதது பெரிய குறை.

உச்சிப்புளிக்கு வடக்கே உள்ள அரியமான் கச்சான் காலத்துக்கு ஏற்ற கரை. சவுக்குத் தோப்பின் நிழல், ஆழமில்லாத நீர், அடங்கிய அலை. இங்கே கடைகளை நம்புவதைவிடக் கட்டுச்சோறு கொண்டுவருவது மேல். புளிச்சோறும் துவையலும் சவுக்கு நிழலில் பிரித்தால் குழந்தைகளோடு ஒரு பகல் போதாது.

ஏர்வாடியைத் தாண்டி சாயல்குடி நோக்கிப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலை பனைமரங்களின் நாடு. மாசி, பங்குனியில் பருவம் சூடு பிடித்ததும் சாலையோரம் பதநீர்ப் பானைகள் வந்துவிடும். பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவப்பட்டிருக்கும்; அதுதான் சாறு புளித்துக் கள்ளாகாமல் காக்கிறது. கள் இறக்கத் தமிழ்நாட்டில் தடை உள்ளதால் பனையேறிக்குப் பதநீரும் கருப்பட்டியும்தான் பிழைப்பு. பச்சை ஓலையை மடித்து, முனையைக் கட்டிய பட்டையில் ஊற்றித் தருவார்கள். இரண்டு கையாலும் ஏந்தி, வாயை ஓலை விளிம்பில் வைத்து உறிஞ்ச வேண்டும். இளம் நுங்கை அதிலேயே பிதுக்கிப் போடச் சொல்லிக் கேட்கலாம். ஓலையின் பச்சை வாசனை பதநீரோடு சேரும்போதுதான் அந்தச் சுவை முழுமையாகும்; பிளாஸ்டிக் கோப்பையில் வாங்கினால் பாதி போய்விடும். வெயில் ஏறுவதற்கு முன் குடிப்பது நல்லது.

வழியில் கீழக்கரையில் தொதல் வாங்கலாம். தேங்காய்ப்பாலும் அரிசிமாவும் இனிப்பும் சேர்த்து நெடுநேரம் கிண்டி எடுக்கும் இந்த அல்வா, கடல் வணிகத்தோடு கிழக்குத் தீவுகளிலிருந்து வந்த பண்டம். ஒரு துண்டோடு சர்க்கரை குறைத்த தேநீர் போதும்.

மீனுக்காக வருகிறவர்கள் காற்றோடு நாட்களையும் பார்க்க வேண்டும்: ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த 61 நாட்களில் நாட்டுப்படகுகள் கொண்டுவரும் மீன் மட்டும்தான் புதியது. வரத்து குறைந்து விலை ஏறும். ஐஸில் வைத்த மீனும் அப்போது கடைகளில் கலக்கும் என்பதால், எந்தப் படகு மீன் என்று கேட்டுச் சாப்பிடுவது அவசியம்.

இரவுச் சாப்பாட்டுக்கு ராமநாதபுரம் நகரத்துக்கே திரும்ப வேண்டும். கடை வாசலில் கல்லைப் போட்டுப் புரோட்டாவை அடித்து நொறுக்கும் ஓசை பொழுது சாய்ந்ததும் பேருந்து நிலையப் பக்கம் தொடங்கிவிடும். தெருவோர பெஞ்சில் இலை விரித்து, பிய்த்துப் போட்ட புரோட்டாவின் மேல் சால்னா ஊற்றுவார்கள். கடல் இங்கிருந்து தள்ளி இருப்பதால் கச்சானா வாடையா என்று பார்க்க வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மட்டும் உள்ளே ஒதுங்க இடம் இருக்கிறதா என்று பார்த்து உட்கார்ந்தால் சரி.