பூங்குழலிக்கு வராத மகுடம்

1954 மே மாதம் 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது கல்கிக்கு வந்த கடிதங்களில் பாராட்டோடு மனத்தாங்கலும் இருந்தது. மூன்றரை வருஷம் வாராவாரம் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கதை சட்டென்று நின்றுவிட்டது என்று வாசகர்கள் குறைப்பட்டார்கள். நந்தினி எங்கே போனாள், குந்தவையும் வந்தியத்தேவனும் கல்யாணம் செய்துகொண்டார்களா, சதிகாரர்கள் பிடிபட்டார்களா என்று கேட்டு எழுதினார்கள். கல்கி அவர்களுக்காகவே ஒரு முடிவுரை எழுதி, யார் யார் என்ன ஆனார்கள் என்று விளக்கம் சொன்னார். அந்த வருஷம் டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமாகிவிட்டார்.

அந்த நாவலை மணிரத்னம் படமாக எடுத்த பிறகு எழுந்த சண்டைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த முடிவுரைதான் ஞாபகம் வருகிறது. 2022 செப்டம்பர் 30ஆம் தேதி முதல் பாகமும், 2023 ஏப்ரல் 28ஆம் தேதி இரண்டாம் பாகமும் வந்தன. அன்றைய வாசகர் கதாசிரியரிடம் "இன்னும் சொல்லுங்கள்" என்று கேட்டார். இன்றைய வாசகர் இயக்குநரிடம் "ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?" என்று கேட்கிறார். கேட்கிற உரிமையில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

எங்கள் வடசென்னைப் பக்கத்தில், திருவொற்றியூரிலும் காலடிப்பேட்டையிலும் தண்டையார்ப்பேட்டையிலும், அந்த உரிமை எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். காலடிப்பேட்டையில் இருக்கிற என் அத்தையின் வீட்டில் முதல் தொடரின் பைண்டு வால்யூம் ஒன்று இருக்கிறது. அவருடைய அப்பா ஹார்பரில் டாலி கிளார்க். தொடர் வந்த கல்கி இதழிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்து அடுக்கி, ஒரு பாகம் முடிந்ததும் பைண்டரிடம் கொடுப்பார். பைண்டர் ஓரத்தை வெட்டியபோது சில பக்கங்களில் வரியின் கடைசி எழுத்தும் சேர்ந்து போய்விட்டது. அந்த எழுத்துகளை வீட்டில் யாரோ நீல மையால் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓவியர் மணியம் வரைந்த நந்தினி இருக்கும் பக்கத்தின் முதுகில் ஒரு விளம்பரம். பல கை பட்டதால் சில பக்கங்களின் கீழ் மூலை துணிபோல் மெத்தென்று ஆகிவிட்டது.

தெருவுக்கு ஒரு பிரதி வந்தால் அதிகம். ஒரு வீட்டில் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குப் போகும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு யாராவது உரக்கப் படிப்பார்கள். எண்ணூரில் பின்னாளில் அசோக் லேலண்ட் ஆன அசோக் மோட்டார்ஸிலும் திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டிக் கம்பெனியிலும் ஷிப்ட் முடிந்து வருகிற ஆண்கள், தாங்கள் இல்லாதபோது வீட்டில் படித்துவிட்ட அத்தியாயத்தை இரவில் கேட்டுக்கொள்வார்கள். அந்த நாளில் கல்கி இதழின் விற்பனை எழுபதாயிரம் பிரதிகளைத் தாண்டியது என்பார்கள். படித்தவர்களும் கேட்டவர்களும் அதைப்போல் பல மடங்கு இருந்திருப்பார்கள். அடுத்த இதழ் வரும் வரைக்கும் இருந்த அந்த ஆறு நாளில் ஒவ்வொருவரும் தமக்குத் தோன்றியபடி கதையை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார்கள். இப்படி வீட்டுக்கு வீடு ஒரு படம் எழுபது வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. மணிரத்னம் எடுத்தது கடைசியாக வந்த படம், அவ்வளவுதான்.

நடுவில் எத்தனை பேர் முயன்றார்கள்! 1958இல் எம்.ஜி.ஆர். படமாக்கும் உரிமையை வாங்கினார். பின்னாளில் இயக்குநரான மகேந்திரனை உட்கார வைத்துத் திரைக்கதை எழுதச் சொன்னார். படம் நடக்கவில்லை. கமல்ஹாசன் ஆசைப்பட்டார், அதுவும் கைகூடவில்லை. 1999இல் மேஜிக் லேண்டர்ன் குழு நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நாடகமாகப் போட்டபோது அதை எழுதியவர் இளங்கோ குமரவேல். மணிரத்னம், ஜெயமோகன் ஆகியோருடன் படத்தின் திரைக்கதையிலும் அவர் பெயர் இருக்கிறது. கல்கியின் மற்ற கதைகள் சில சுலபமாகத் திரைக்குப் போயின. 1960இல் 'பார்த்திபன் கனவு' வந்தது. கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' விகடனில் நீளமாக ஓடிய தொடர். 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைச் சுருக்கித்தான் எடுத்தார். சிவாஜியையும் பத்மினியையும் பார்த்த பிறகு யாரும் விட்டுப்போனதைப் பற்றிப் பெரிதாக வருத்தப்படவில்லை. 'பொன்னியின் செல்வ'னுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. ஐந்து பாகம், 293 அத்தியாயம். அத்தனையையும் ஐந்தரை மணி நேரத்தில் அடக்கும்போது எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். உலகமெங்கும் இதுதான் நிலவரம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' படத்தில் டாம் பாம்படில் வரவில்லை என்று இருபது வருஷம் கழித்தும் வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஹாரி பாட்டர் படங்களில் பீவ்ஸ் என்ற குறும்புப் பேய்க்கு இடமில்லாமல் போனதை அந்தக் கதையோடு வளர்ந்த பிள்ளைகள் இன்னும் மறக்கவில்லை.

மூலத்தை மாற்றினால் குடி முழுகிவிடும் என்று நினைக்கிற ஊரும் அல்ல எங்கள் ஊர். கம்பன் இரவில் ராமாயணம் எழுத, திருவொற்றியூர்க் கோயிலில் இருக்கிற வட்டப்பாறை அம்மன் பந்தம் பிடித்தாள் என்பது இங்கே எல்லோரும் சொல்லும் கதை. அந்தப் பந்த வெளிச்சத்தில் கம்பன் செய்தது என்ன? வால்மீகியில் ராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிப் போகிறான். கம்பன் அவனை அவள்மேல் விரல் படவிடவில்லை. பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்து எடுத்துப் போக வைத்தான். அதற்காக யாரும் அவனைக் கோபித்துக்கொள்ளவில்லை. அம்மனே கூட நின்றாள் என்று கதை கட்டினார்கள். ஆகவே, மாற்றினார்கள் என்பதற்காக மட்டும் ஒரு படத்தைத் திட்டுவது எனக்குச் சம்மதமில்லை. மாற்றியதால் என்ன போயிற்று, என்ன வந்தது என்றுதான் பார்க்க வேண்டும்.

வந்ததும் இருக்கிறது. நாவல் வீரநாராயண ஏரிக்கரையில் ஆடிப்பெருக்கன்று தொடங்குகிறது. படம் ராஷ்டிரகூடப் போரில் தொடங்குகிறது. சிலருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்தத் தொடக்கம் பிடித்தது. திருவொற்றியூர்க் கோயிலில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே இறந்தான். அவனுடைய தளபதியாக இருந்த கேரளத்து வல்லபன், தலைவனோடு சேர்ந்து சாகக் கொடுத்துவைக்கவில்லையே என்று மனம் நொந்து துறவியானான். சதுரானன பண்டிதர் என்ற பெயரில் இங்கே மடத்துத் தலைவராக இருந்தார். அந்தக் கல்வெட்டு சொல்லும் கதை இது. போர் நடந்தது 949இல். சுந்தர சோழர் பட்டத்துக்கு வந்தது அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்குள். தோற்ற அவமானத்தின் சூடு ஆறாத காலம் அது. சுந்தர சோழரின் மூத்த மகன் ஆதித்த கரிகாலனின் ஆத்திரத்துக்குப் பின்னால் அந்தச் சூடும் இருக்கிறது என்று, அவனாக நடித்த விக்ரமைப் பார்த்தபோது எனக்குப் புரிந்தது. அவன் சாகிற இடத்திலும் படத்தால் ஒன்று வந்தது. கல்கி அந்தக் கொலையை இருட்டில் நடத்தி, செய்தது யார் என்று தீர்த்துச் சொல்லாமல் விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலான சிலரைத் துரோகிகள் என்று பெயர் சொல்கிறது. படமோ நந்தினியின் கையிலிருந்த கத்திக்குக் கரிகாலன் தன்னையே கொடுப்பதாகக் காட்டியது. அந்தக் காட்சிக்காக மற்றதையெல்லாம் மன்னித்தேன் என்று சொன்ன பழைய வாசகர்களை எனக்குத் தெரியும்.

ராயபுரத்து தியேட்டர் ஒன்றில் இரண்டாம் பாகம் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது அத்தை கேட்ட முதல் கேள்வி, "மணிமேகலை எங்கேடா?" என்பது. கந்தமாறனின் தங்கை, வந்தியத்தேவனை மனசுக்குள் வரித்துக்கொண்டு கடைசியில் அவன் மடியில் உயிர்விடுகிற பெண், படத்தில் இல்லவே இல்லை. "வந்திருந்தா ஒரு அரை மணி நேரம் கூட ஆயிருக்கும், அத்தே" என்றேன். "ஆகட்டுமே, நான் என்ன பஸ்ஸையா விடப்போறேன்?" என்றார். தண்டையார்ப்பேட்டை அகஸ்தியா 2020இல் மூடப்பட்டுவிட்டது. 1967இலிருந்து இருந்த தியேட்டர் அது. அத்தை பஸ்ஸில் போய் சினிமா பார்த்துப் பழகியது அங்கேதான். இப்போது அவருக்கு மெட்ரோ பழகிவிட்டது.

என்னை உறுத்துவது மணிமேகலை அல்ல, பூங்குழலி. கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு அவள் குந்தவைக்கும் நந்தினிக்கும் மேலே. அவள் கோடிக்கரை கலங்கரை விளக்கக் காவலர் தியாகவிடங்கரின் மகள். தனியாகப் படகு தள்ளிக்கொண்டு இலங்கைக்குப் போய் வருகிறவள். சுழற்காற்றில் கப்பலை இழந்து கடலில் தத்தளிக்கும் வந்தியத்தேவனையும், பின்னாளில் ராஜராஜன் ஆகும் இளவரசன் அருள்மொழியையும் படகில் வந்து காப்பாற்றுகிறவள். காசிமேட்டிலும் எண்ணூர்க் குப்பங்களிலும் இந்த இடத்தைக் கேட்டவர்கள், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, துடுப்பை எப்படிப் பிடித்தாள், ஒரு பெண்பிள்ளை தனியாக அத்தனை பேரை ஏற்ற முடியுமா என்றெல்லாம் அலசுவார்களாம். புயலில் போன மகன்களையும் கணவன்மார்களையும் நினைத்துக்கொண்டு அலசியிருப்பார்கள். படத்தில் முதல் பாகம் முடியும்போது கடலுக்குள் பாய்பவள் ஊமை ராணி. நந்தினியாக நடித்த ஐஸ்வர்யா ராயின் முகத்தோடு அந்த முடிச்சைப் போட்டு, இரண்டாம் பாகத்துக்கு ஆளை இழுத்தார்கள். திரைக்கு அது தேவைதான். ஆனால் பூங்குழலியின் கையிலிருந்த துடுப்பு அங்கே போய்விட்டது.

மகுடமும் போயிற்று. நாவலின் முடிவில், தஞ்சாவூரில் பூமாலை கட்டிக் கோயில் கைங்கரியம் செய்துகொண்டிருக்கும் சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவியின் பிள்ளை என்று தெரிகிறது. அருள்மொழி தனக்கு வந்த மகுடத்தை அவன் தலையில் வைக்கிறார். அவனை மணந்த பூங்குழலி மகாராணி ஆகிறாள். படத்தில் இந்தத் திருப்பமே கிடையாது. அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகனுக்கே, ரகுமான் நடித்த அந்தச் சித்தப்பாவுக்கே, அருள்மொழி பட்டத்தைக் கொடுத்துவிடுகிறார்.

சரித்திரம் படித்தவர்கள் இதில் படத்தின் பக்கம் நிற்பார்கள். மதுராந்தகன் என்ற உத்தம சோழர் கண்டராதித்தருக்கும் செம்பியன் மாதேவிக்கும் பிறந்தவர். அவருக்கு ஆசை இருக்கும்வரை அருள்மொழி அரியணையை விரும்பவில்லை என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பிள்ளை மாறிய கதையும் பூமாலை கட்டும் அமுதனும் கல்கியின் கற்பனை. பூங்குழலியும் நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் அப்படித்தான். நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் சோழர் சரித்திரங்களைக் கல்கி வரிவரியாகப் படித்துவிட்டு, அவற்றுக்கு நடுவே கிடைத்த இடைவெளிகளில் இந்தப் பாத்திரங்களை உட்கார வைத்தார். ஆகவே நாவல் எந்த இடத்தில் சரித்திரத்தை விட்டு விலகியதோ, அதே இடத்தில் படம் நாவலை விட்டு விலகிச் சரித்திரத்தின் பக்கம் போய்விட்டது. வாசகர்கள் அதிகம் கோபப்பட்டதும் அந்த இடத்தில்தான்.

அந்தக் கோபம் நியாயமானது என்று நான் நினைக்கிறேன். அமுதன் பிறப்பால் இளவரசன்தானே, பூ கட்டுகிறவன் ராஜாவானான் என்று எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்கலாம். சரி. ஆனால் பூங்குழலிக்கு எந்த ரகசியப் பிறப்பும் இல்லை. அவள் படகோட்டியாகப் பிறந்து படகோட்டியாகவே அரண்மனைக்குள் போகிறாள். காலை நாலு மணிக்குக் கரையில் ஏலம் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத்தெருவாக மீன் விற்கிற பெண்கள் வாழும் இடத்தில், கல்கி செய்த அந்த ஒரு காரியம் லேசானது அல்ல. ராஜராஜன் யாரை மணந்தான், எந்தக் கோயில் கட்டினான் என்பது கல்வெட்டில் இருக்கிறது. கடலோரத்துப் பெண் ஒருத்திக்கு மகுடம் வைத்தது இந்த நாவலில் மட்டும்தான் இருந்தது.

படத்தால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது. இளைஞர்கள் நாவலுக்கு வந்தார்கள். சிலர் புத்தகக் கண்காட்சியில் ஐந்து பாகத்தையும் கட்டாக வாங்கினார்கள், சிலர் மெட்ரோவில் காதில் மாட்டிக் கேட்டார்கள். அவர்களுக்கு வந்தியத்தேவன் என்றால் கார்த்தி, குந்தவை என்றால் த்ரிஷா. மணியம் போட்ட கொண்டைகள் அவர்களுக்குத் தெரியாது. முன்னே படம், பின்னே நாவல் என்று வருவதால் அவர்களுடைய புகாரும் தலைகீழாக இருக்கிறது. "படத்தில் இல்லாத ஆள் புத்தகத்தில் ஏன் வருகிறார்?" என்று கேட்கிறார்கள்.

அத்தை வீட்டுக்கு எதிர்வீட்டில் நர்சிங் படிக்கிற பெண் அப்படி வந்தவள்தான். ஆறு மாதத்தில் ஐந்து பாகத்தையும் முடித்துவிட்டு நேராக அத்தையிடம் வந்து நின்றாள். அமுதனுக்குப் பட்டம் கொடுத்ததில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. பூங்குழலி ராணி ஆனதில் சந்தோஷம். அவளுக்குக் கோபம் மணிமேகலை விஷயத்தில்.

"இன்னா ஆயா இது, அந்தப் பொண்ணு பைத்தியம் புடிச்சு, அவன் மடியில செத்துப்போறதுக்கா அத்தினி பக்கம் படிச்சேன்? இதுக்கு படத்துல அவள கொண்டாராம வுட்டதே மேல்."

"போடி" என்றார் அத்தை. "செத்தாலும் அவ வரணும். அவ இல்லன்னா வந்தியத்தேவனுக்கு யாருக்காகவும் அழத் தெரியாதுன்னு ஆயிடும்."

"அதுக்காக ஒரு பொண்ணு சாகணுமா?"

அத்தை பைண்டு வால்யூமை எடுத்துவரச் சொல்லி, கடைசி அத்தியாயங்களைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணும் தன் போனில் அதே பக்கத்தை எடுத்தாள். நான் கிளம்பும்போது இருவரும் வரிவரியாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.