அளவு நாடா சொல்லும் உண்மை

பெண்ணொருத்தி சற்றுப் பூசினாற்போல் இருந்தால், அவள் வாழும் வீட்டில் குறைவொன்றுமில்லை என்று மகிழ்வது நம் ஊர்களில் நெடுநாளைய வழக்கம். மெலிந்திருந்தால்தான் நாம் கவலையுற்றோம். பசியும் காய்ச்சலும் இல்லங்களை வாட்டிய காலத்தில் அக்கவலை நியாயமானதே. ஆயின், இன்று நிலைமை வேறு.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். 2015-16ஆம் ஆண்டு ஆய்வில் இத்தொகை 31 ஆகவே இருந்தது. அதே ஐந்தாம் ஆய்வில் நூற்றுக்கு 53 பெண்களிடம் இரத்தசோகையும் காணப்பட்டது. உடல் பருத்திருப்பதை வைத்து மட்டும், ஒருத்தி நலமாக இருக்கிறாள் என்று முடிவு செய்ய இயலாது என்பது இதனால் தெளிவாகிறது.

தென்காசியை அடுத்த குத்துக்கல்வலசையையும் சுற்றியுள்ள சிற்றூர்களையும் எண்ணிப் பார்ப்போம். நம் பாட்டிமார் நாற்று நட்டனர், குடம் சுமந்தனர், ஆட்டுக்கல்லில் மாவாட்டினர். இன்று குழாயும் மின் அரைவை இயந்திரமும் அப்பாரத்தைக் குறைத்துவிட்டன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பொழுதெல்லாம் பீடி சுற்றும் தாய்மார் இப்பகுதியில் மிகப் பலர். விரல்கள் ஓயாமல் உழைக்கின்றன, உடலோ அசைவதில்லை. மூன்று வேளையும் அரிசிச் சோறும் பலகாரமும், இடையிடையே சர்க்கரையிட்ட தேநீரும். குற்றாலச் சாரல் தொடங்கிவிட்டாலோ சூடான வடையும் உடன் சேர்ந்துவிடும். இளைத்துக் களைக்குமளவு வேலை செய்தும் இடுப்பு பெருப்பதன் காரணம் இதில் அடங்கியிருக்கிறது.

எடைப்பொறி எவ்வளவு சொல்லும்?

எடையைக் கிலோகிராமில் கணக்கிட்டு, அதனை மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைப்பது உடல் நிறைக் குறியெண். இக்கணக்கை 1830களில் வகுத்தவர் பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் அடால்ஃப் கெட்லே. அவர் மருத்துவரல்லர், சராசரி மனிதனின் இயல்புகளை ஆராய்ந்தவர். அமெரிக்க அறிஞர் ஆன்சல் கீஸ் 1972இல் இக்கணக்குக்கு இன்றைய பெயரைச் சூட்டிய பின்னரே இது உலகெங்கும் பரவியது.

உலக அளவில் 25க்கு மேல் மிகை எடை என்றும், 30க்கு மேல் உடற்பருமன் என்றும் கொள்வர். நம்மவர்க்கோ அதற்கு முன்பே நோய்கள் தலைகாட்டுகின்றன. ஆதலால் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 2009இல் நமக்கென 23, 25 என்னும் தாழ்ந்த எல்லைகளை வகுத்தனர். 150 செ.மீ. உயரமுள்ள பெண் 52 கிலோ எடையை எட்டும்போதே முதல் எல்லையைத் தொடுகிறாள். 56 கிலோவைச் சற்றுத் தாண்டியதும் இரண்டாவதையும் தொட்டுவிடுகிறாள். முன்னே கூறிய தேசிய ஆய்வு 25 என்னும் எல்லையைக் கொண்டே எண்ணியது என்பதையும் நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாடு ஏன்? 2004இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இரு மருத்துவர்களின் படத்தை வெளியிட்டது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இலண்டன் மாநகரத்து யட்கின். இருவருக்கும் உடல் நிறைக் குறியெண் 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியர் உடலிலோ 21.2 விழுக்காடு! எடைப்பொறி இருவரையும் ஒன்றாகவே காட்டியது. தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அக்கொழுப்பு எங்கே தங்கியுள்ளது என்பதை அது அறியாது. வயிற்றினுள் ஈரலையும் குடலையும் சூழ்ந்து சேரும் கொழுப்பே நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் பெரிதும் வழிகோலுவது. அதனைக் குறிப்பால் உணர்த்துவது எளிய அளவு நாடாவே.

அளப்பது எப்படி?

நிமிர்ந்து நின்று, கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்ற வேண்டும். சேலைக் கொசுவத்தின் மேலோ, பாவாடை நாடா கட்டும் இடத்திலோ அளந்தால் கணக்குத் தவறும். வயிற்றை உள்ளே இழுக்காமல், இயல்பாக மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நாடா தரைக்கு இணையாக, அழுத்தாமல் உடலோடு படிந்திருக்க வேண்டும். நம் பெண்களுக்கு 80 செ.மீ., அதாவது ஏறத்தாழ முப்பத்தொன்றரை அங்குலம், எச்சரிக்கை எல்லை.

நாடா இல்லையெனில் ஒரு கயிறு போதும். உயரத்தின் அளவுக்குக் கயிற்றை வெட்டி, இரண்டாக மடித்து இடையைச் சுற்றுக. முனைகள் தொடாவிட்டால் இடை உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. அதுவும் ஓர் எச்சரிக்கையே.

இடையளவை இடுப்பின் அகன்ற பகுதியின் அளவால் வகுத்துக் காண்பதும் உண்டு. 0.85 அல்லது அதற்கு மேல் வந்தால் பெண்களுக்கு ஆபத்து மிகுதி. ஐந்தாம் தேசிய ஆய்வில் இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 24 பேரே மிகை எடையினராயிருக்க, இவ்வளவின்படி ஆபத்து எல்லையில் இருந்தோர் ஏறத்தாழ 57 பேர். எடை சரியாக இருக்கிறது என்று நிம்மதியாயிருப்போருள்ளும் எத்தனை பேர் விழிப்படைய வேண்டியவர்கள்! 2025 சனவரியில் பன்னாட்டு வல்லுநர் குழுவொன்றும், குறியெண்ணை மட்டும் நம்பாமல் இடையளவையும் காண வேண்டுமென அறிவுறுத்தியது.

கருவுற்ற தாய்மாருக்கு இக்கணக்குகள் பொருந்தா. சிறுமியர்க்கு வயதுக்கேற்ற தனி அட்டவணைகள் உண்டு.

நம் கையில் உள்ளவை

சென்னை மருத்துவர் மோகனும் உடனுழைப்போரும் 2005இல் நீரிழிவு ஆபத்தைக் கணிக்க எளியதொரு மதிப்பெண் முறையை வெளியிட்டனர். வயது, பெற்றோரின் நீரிழிவு, இடையளவு, உடலுழைப்பு ஆகிய நான்கே அதன் கூறுகள். பெண்ணின் இடை 80 முதல் 89 செ.மீ. வரை இருந்தால் 10 மதிப்பெண். 90ஐ எட்டினால் 20. ஐம்பது வயது நிறைந்தவருக்கு 30. பெற்றோருள் ஒருவருக்கு நீரிழிவு இருந்தால் 10. மொத்தம் 60ஐ எட்டினால் ஆபத்து மிகுதி. அவ்வாறாயின் காலம் தாழ்த்தாமல் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இந்நான்கில் வயதையும் பிறப்பையும் நாம் மாற்ற இயலாது. இடையளவையும் உடலுழைப்பையும் மாற்ற இயலும். சோற்றைச் சற்றுக் குறைத்துக் கீரையும் பயறும் கூட்டலாம். தேநீரில் சர்க்கரையைக் குறைக்கலாம். பீடித் தட்டை மணிக்கொருமுறை இறக்கி வைத்து எழுந்து நடக்கலாம்.

ஆனால், மாலையில் அரைமணி நேரம் நடக்க ஒரு தாய்க்கு ஓய்வு யார் தருவது? தண்ணீர் பிடித்தலையும் பாத்திரம் துலக்கலையும் கணவரும் பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டாலன்றி, மருத்துவரின் அறிவுரை ஏட்டுச் சுரைக்காயே. மீந்த சோறு வீணாகக் கூடாதென்று அதைத் தாயே உண்டு தீர்க்கும் வழக்கத்தையும் நாம் நிறுத்துவோம்.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். அளவு நாடா ஏளனத்திற்கான கருவியன்று. பருத்த பெண்ணைப் பட்டப்பெயரிட்டழைப்பதும், பேறுகாலத்திற்குப் பின் உடல் பெருத்த மருமகளை விருந்தினர் முன் பழிப்பதும் பிறரன்புக்கு முரணானவை. அத்தகைய சொற்களுக்கு அஞ்சியே பலர் மருத்துவரை நாடாமல் இருந்துவிடுகின்றனர்.

நம் உடல் தூய ஆவியார் குடிகொள்ளும் ஆலயம் எனத் திருச்சபை கற்பிக்கிறது. ஆலயத்தின் சுவரில் விரிசல் கண்டால் பழுதுபார்க்க நாம் தயங்குவதில்லை. அதே அக்கறையுடன் நம் அன்னையரின் உடலையும் பேணுவோம். அன்பியக் கூட்டம் கூடும் இல்லங்களில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். பெண்கள் தனித்திருந்து, ஒருவருக்கொருவர் உதவி அளந்துகொள்ளட்டும். 80ஐத் தாண்டியோர் அருகிலுள்ள ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளட்டும். தனியே செல்லத் தயங்குவோருக்குத் துணையாகச் செல்வதும் நம் பிறரன்புக் கடமைகளுள் ஒன்றன்றோ!