வீட்டில் எல்.இ.டி. விளக்கு அமைப்பதில் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

நமது கிராமங்களில் இழையுள்ள குண்டு பல்புகள் எரிந்த காலம் பெரும்பாலும் கழிந்து, அவ்விடத்தில் எல்.இ.டி. விளக்குகள் வந்திருக்கின்றன. 2015-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் இந்திய அரசாங்கத்தார் ஆரம்பித்த உஜாலா திட்டத்தின் மூலம் 9 வாட் பல்புகள் குறைந்த விலைக்குக் கிடைக்கலாயின. அதன் பின்னர் இவ்விளக்குப் பட்டிதொட்டிகளிலெல்லாம் பரவிவிட்டது. ஆயினும் அதை அமைக்கும் முறையில் போதிய கவனம் செலுத்தப்படுவதில்லை. பல வருஷங்கள் உழைக்கவேண்டிய விளக்குச் சில மாதங்களிலேயே அணைந்துபோவதையும், வாங்கிய காசு வீணாயிற்றென்று குடியானவர்கள் சலித்துக்கொள்வதையும் அடிக்கடி காண்கிறோம். சில இடங்களில் அமைப்பின் பிழை உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஆகையால் இதைக் குறித்து மிராசுதார்களும் கிராம அதிகாரிகளும் அறிந்துகொள்ளவேண்டிய சில விஷயங்களை இங்கு எடுத்துரைக்கலாம்.

விளக்கின் தன்மை

குண்டு பல்பில் உலோக இழை பழுக்கக் காய்ந்து ஒளி தருகிறது. அதில் செலவாகும் மின்சாரத்தின் பெரும்பகுதி உஷ்ணமாகவே வீணாகின்றது. எல்.இ.டி.யில் ஒரு சிறு குறைகடத்தித் துண்டின் வழியே மின்சாரம் பாயும்போது நேராகவே ஒளி பிறக்கிறது. நீல ஒளி தரும் துண்டின்மேல் மஞ்சள் நிறம் தரும் ஒரு பூச்சுப் பூசப்பட்டிருக்கும். இரண்டு ஒளியும் கலந்து நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோற்றுகிறது. இந்த நீல எல்.இ.டி.யைக் கண்டமைத்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா என்னும் மூன்று விஞ்ஞானிகளுக்கு 2014-ஆம் வருஷத்திய பௌதிக நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

இத்துண்டு குறைந்த அழுத்தமுள்ள நேர்மின்சாரத்தில் வேலை செய்வது. நம் வீட்டுக்கு வருவதோ 230 வோல்ட் மாறுமின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக் கொடுக்கும் சிறு கருவி பல்பின் அடிப்பாகத்தில் இருக்கிறது. அதற்கு டிரைவர் என்று பெயர். கெட்டுப்போனதென்று நாம் எறிந்துவிடும் விளக்குகள் பலவற்றில் பழுதாகியிருப்பது இந்த டிரைவரே. உஷ்ணமும் மிகுந்த மின்னழுத்தமும் இதற்கு முதல் விரோதிகள். கீழே சொல்லப்படும் பிழைகளில் பல இந்த ஒரு காரணத்தைச் சுற்றியே இருப்பதைக் காணலாம்.

சிக்கனக் கணக்கு

60 வாட் குண்டு பல்பு ஒன்று தினம் 5 மணி நேரம் வீதம் 60 நாட்கள் எரிந்தால் 18 யூனிட்டுகள் செலவாகும். ஏறக்குறைய அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்.இ.டி. பல்புக்கு அதே காலத்தில் ஆவது 2.7 யூனிட்டுகளே. ஆறு விளக்குள்ள வீட்டில் 108 யூனிட்டுகள் என்பது 16.2 யூனிட்டுகளாகக் குறையும். ஆனால் ஆறுமாதத்திற்கொரு முறை பல்பு மாற்ற நேரிட்டால், மின்சாரத்தில் மிச்சமான பணம் கடைக்காரரிடம் போய்ச் சேரும்.

சாதாரணமாக நேரும் பிழைகள்

1. வாட்டை மட்டும் பார்த்து வாங்குதல். வாட் என்பது செலவின் அளவு. ஒளியின் அளவு லூமன் ஆகும். 60 வாட் குண்டு பல்பு சுமார் 700 முதல் 800 லூமன் வரை தந்தது. ஆகையால் வாங்கும்போது உறையில் லூமன் எவ்வளவு என்று பார்க்கவேண்டும். இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனத்தின் ஐ.எஸ். 16102 என்ற குறியும், பதிவு எண்ணும் பல்பின்மேல் அச்சிடப்பட்டிருக்கவேண்டும். குறியில்லாத பல்பைச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கலாகாது. ஒளியின் நிறம் கெல்வின் என்னும் அளவால் குறிக்கப்படும். 2,700 முதல் 3,000 வரை மஞ்சள் சாயல். 6,500 நீலம் கலந்த வெண்மை. படுக்கும் அறைக்கு முன்னதும், வேலை செய்யும் இடத்திற்கு 4,000-க்கு மேற்பட்டதும் தக்கவை. விதை பொறுக்கவும், காய்கனி தரம் பிரிக்கவும் நிறத்தை உள்ளபடி காட்டும் விளக்கு வேண்டும். நிறம் காட்டும் எண் 80-க்குக் குறையாததாகத் தேர்ந்தெடுப்பது நலம்.

2. காற்றோட்டமில்லாத கூட்டில் அடைத்தல். பழைய கண்ணாடிக் குண்டுகளுக்குள்ளும், மூடிய கிண்ணங்களுக்குள்ளும் பல்பை வைத்தால் உஷ்ணம் வெளியேற வழியின்றி டிரைவர் வெந்துபோகும். தகரக் கூரையை ஒட்டினாற்போல் விளக்கை மாட்டுவதும், அடுப்புக்கு நேர் மேலே மாட்டுவதும் இவ்வகைப் பிழைகளே. கூரையிலிருந்து ஒன்றிரண்டடி தாழ்த்தியும், அடுப்புக்குச் சற்று ஒதுக்கியும் மாட்டவேண்டும். மூடிய கூடுதான் வேண்டுமென்றால் அதற்கென்றே செய்யப்பட்ட விளக்கை வாங்குக.

3. டியூப்லைட்டின் பழைய பட்டையில் யோசனையின்றிச் செருகுதல். எல்.இ.டி. டியூப்புகளில் பலவற்றுக்குச் சோக்கும் ஸ்டார்ட்டரும் வேண்டுவதில்லை. அவற்றைக் கழற்றி இணைப்பை மாற்றவேண்டும். சிலவற்றில் பேஸ், நியூட்ரல் இரண்டும் ஒரே முனையில் வரும். சிலவற்றில் முனைக்கு ஒன்றாக வரும். உறையிலுள்ள படத்தைப் பாராமல் இணைத்தால் ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். ஒரு முனையைச் செருகி மறு முனையைக் கையில் பிடித்திருக்கும்போது மின்சாரம் தாக்கவும் கூடும். ஆதலால் மெயின் ஸ்விட்சை நிறுத்திய பின்னரே இவ்வேலையில் இறங்கவேண்டும்.

4. ஸ்விட்சை நியூட்ரல் கம்பியில் அமைத்தல். இதுவே மிகவும் அபாயமான பிழை. ஸ்விட்ச் எப்பொழுதும் பேஸ் கம்பியை அறுக்கவேண்டும். தவறி நியூட்ரலில் வைத்துவிட்டால் விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். பல்பு மாற்றப் போகிறவர் ஸ்விட்சை அணைத்துவிட்டோமென்று நம்பி ஈரக்கையை வைத்தால் விளைவு என்னவாகுமென்று சொல்லவேண்டுவதில்லை. குண்டு பல்பு இருந்த காலத்தில் இப்பிழை வெளியே தெரியாதிருந்தது. எல்.இ.டி.க்கு மிகச் சிறிதளவு மின்சாரமே போதுமாதலால், அணைத்த பிறகும் அது இருட்டில் மங்கலாக மினுங்கிக் காட்டிக்கொடுக்கிறது. ஸ்விட்சில் உள்ள சிறு அடையாள விளக்கினாலும், நெடுந்தூரம் சேர்ந்து ஓடும் கம்பிகளாலும் இம்மினுக்கம் உண்டாகலாம். எனினும், முதலில் ஸ்விட்ச் எந்தக் கம்பியில் இருக்கிறதென்று உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு சோதித்தறிவது அவசியம்.

5. மின்விசிறி ரெகுலேட்டரில் விளக்கை இணைத்தல். ஒளியைக் குறைத்துக்கொள்ளலாமென்று சிலர் இவ்வாறு செய்கிறார்கள். இதனால் விளக்குத் துடிக்கும். டிரைவரும் விரைவில் கெடும். ஒளி குறைக்கத்தக்கதென்று உறையில் எழுதப்பட்ட விளக்கையும், அதற்கேற்ற கருவியையுமே உபயோகிக்கவேண்டும்.

6. நியூட்ரல் தளர்ச்சியைக் கவனியாதிருத்தல். மும்முனை லைனில் நியூட்ரல் கம்பி அறுந்தாலும் தளர்ந்தாலும், 230 வோல்ட் இருக்கவேண்டிய வீட்டில் அழுத்தம் 400 வோல்ட்டை நெருங்கக்கூடும். ஒரே தெருவில் பல வீட்டு விளக்குகள் ஒருசேரக் கெட்டால் இதையே முதலில் சந்தேகிக்கவேண்டும். வீட்டில் சில விளக்குகள் அளவுக்கு மிஞ்சிப் பிரகாசித்து, வேறு சில மங்குவது இதன் அடையாளம். கண்டவுடன் மெயின் ஸ்விட்சை நிறுத்தி மின்வாரிய அலுவலகத்திற்குத் தகவல் கொடுக்கவேண்டும். இடி மின்னல் காலத்திலும் மெயினை நிறுத்தி வைப்பது நன்று.

7. தொழுவத்திலும் களத்திலும் வீட்டுக்குள் மாட்டும் பல்பையே மாட்டுதல். மாட்டுத் தொழுவத்தில் ஈரமும், தூசியும், மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவியும் உண்டு. இவை பல்பின் உட்புறத்தை அரித்துவிடும். தூசி புகாததும், பீச்சியடிக்கும் நீரைத் தாங்குவதுமான ஐ.பி. 65 என்ற குறியுள்ள மூடிய விளக்குகளே இவ்விடங்களுக்கு ஏற்றவை. மரத்துக்கு மரம் கட்டிய துணிச்சுற்றுக் கம்பிகளாலும், ஓலைக்கூரையில் செருகிய இணைப்புகளாலும் களத்திற்கு வெளிச்சம் கொண்டுபோவது பெரும் தவறு. வைக்கோல் போருக்கு அருகில் ஒரு பொறி போதும். வீட்டின் மெயின் பலகையில் 30 மில்லியாம்பியர் கசிவுக்கே அறுத்துக்கொள்ளும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்றும், முறையான எர்த்தும் அமைத்தால் மனிதரும் மாடும் தப்புவர்.

8. விளக்கொளி பயிரின்மேல் விழுமாறு விடுதல். இது விவசாயிகள் விசேஷமாகக் கவனிக்கத்தக்கது. சாமந்தி நீண்ட இரவு கிடைத்தால்தான் மொட்டு வைக்கும் இனம். பூக்கும் காலத்தைத் தள்ளிவைக்க விரும்பும் தோட்டக்காரர்கள் இரவில் விளக்கேற்றி வைப்பது இதனாலேயே. எனவே முற்றத்தில் விடியவிடிய எரியும் விளக்கின் ஒளி பாத்தியின்மேல் விழுந்தால், அருகிலுள்ள செடிகள் பூக்காமல் தழைத்துக்கொண்டே போகும். பகல் நீளத்திற்கு உணர்ச்சியுள்ள நெல் வகைகளிலும் தெருவிளக்கின் கீழ் கதிர் தாமதமாக வருவதுண்டு. உரத்தையோ விதையையோ குறை கூறுமுன் விளக்கு எங்கே நோக்குகிறதென்று பார்க்கவேண்டும். விளக்குக்கு மறைப்புத் தகடு வைத்து ஒளியைக் கீழ்நோக்கித் திருப்பிவிட்டால் போதும். மஞ்சள் சாயலுள்ள விளக்கை வெளியே மாட்டினால் பூச்சிகளும் குறைவாகவே வந்து மொய்க்கும்.

கழித்த விளக்குகளை என்செய்வது?

எல்.இ.டி.யில் பாதரசம் இல்லை. ஆனால் அதற்கு இடங்கொடுத்து நாம் கழற்றியெறியும் பழைய டியூப்லைட்டுகளிலும் சுருள் பல்புகளிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. இவற்றை உடைத்து எருக்குழியில் போடுவது வழக்கமாயிருக்கிறது. கண்ணாடித் துண்டு உழுகிறவன் காலைக் கிழிப்பதோடு, பாதரசமும் எருவோடு கலந்து நிலத்தில் சேரும். ஆதலால் உடையாமல் பெட்டியில் சேர்த்து வைத்து, மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்கவேண்டும். ஊராட்சித் தலைவர்கள் ஒரு பொது இடத்தில் இதற்கென ஒரு பெட்டி வைத்தால் ஊருக்கே உபகாரமாகும்.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை

மேற்கூறியவை ஊராட்சி அலுவலகத்திற்கும், பள்ளிக்கும், தெருவிளக்குக்கும் பொருந்தும். தெருவிளக்கு வாங்கும்போது விலையோடு லூமன், ஐ.பி. குறி, உத்தரவாத காலம் ஆகியவற்றையும் எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். திருவிழாக் காலங்களில் போடும் தற்காலிகச் சரவிளக்குகளை, மழை பெய்து மக்கள் கூடுமுன் ஒருமுறை சோதிப்பிப்பது கடமையாகும்.

புதிதாக விளக்கு அமைக்க எண்ணுகிறவர்கள் வீடு முழுவதையும் ஒரே நாளில் மாற்றவேண்டுவதில்லை. முதலில் ஸ்விட்சுகளும் எர்த்தும் சரியாயிருக்கின்றனவா என்று சோதிப்பித்து, பிறகு அதிக நேரம் எரியும் இரண்டு விளக்குகளை மாற்றி, வாங்கிய தேதியைப் பல்பின் கழுத்தில் மையினால் எழுதி வைப்பார்களாக. உத்தரவாத காலத்திற்குள் கெட்டால் ரசீதுடன் கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கெட்டால், அவ்விடத்தில் உஷ்ணமோ இணைப்போ பழுதென்று அறிந்துகொள்ளலாம். இவ்விதம் சிறிது முயற்சி எடுத்துக்கொள்பவர்கள் மின்சாரச் செலவிலும் பல்புச் செலவிலும் மிச்சம் காண்பதோடு, தம் வீட்டாரையும் கால்நடைகளையும் ஆபத்தினின்று காத்துக்கொள்வார்கள்.