ஓட்ட வீரர் உண்பது என்ன?

கி.மு. ஆறாம் நூற்றாண்டில் மைலோ என்னும் கிரேக்க மல்லன் ஒருவன் வாழ்ந்தான். இத்தாலியின் தென்கரையில் கிரேக்கர் குடியேறிய குரோட்டன் நகரத்தான்; ஒலிம்பியா விழாவில் ஆறு முறை வாகை சூடியவன். அவன் இருபது மீனா எடையுள்ள இறைச்சியை உண்டான் எனப் பழைய நூல் ஒன்று கூறுகிறது. நம் அளவையில் அஃது எட்டுக் கிலோவுக்கு மேலாகும். கதையில் மிகை இருக்கலாம். ஆயினும் அந்நூல் உடன் சொல்லும் மற்றொரு செய்தியை மக்கள் எளிதில் மறந்துவிட்டனர். இறைச்சியின் எடைக்கு ஒப்பாக அவன் ரொட்டியும் உண்டான் என்பதே அது.

நம் பள்ளி விளையாட்டு விழாக்களில் மாணவர் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கும் மைலோ பானம் இவன் பெயரைத் தாங்கியதுதான். 1934-இல் ஆஸ்திரேலியாவில் அது தோன்றியபோது, வலிமைக்கு அடையாளமாக இப்பெயரைத் தேர்ந்தனர். அப்பானத்தில் இறைச்சி ஏது? மால்ட்டும் பாலும் சர்க்கரையும் கோகோவும்தான் உண்டு. பெயர் வைத்தவர்கள் ஊன் தின்ற மல்லனை எண்ணினாலும், கிண்ணத்தில் ஊற்றியது பெரும்பாலும் மாவும் இனிப்புமே.

ஊன் உண்டால்தான் உரம் ஏறும் என்னும் நம்பிக்கை இன்னும் மாயவில்லை. இன்று அது புரதப் பொடி அடைத்த பெரிய புட்டிகளாகக் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. தசை புரதத்தால் ஆயது. ஆகவே தசைக்கு உழைப்புத் தருவோர் புரதத்தையே மிகுதியாக உண்ண வேண்டும் என்பது அவர்தம் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீடு செங்கல்லால் ஆயது. அதற்காக அடுப்பில் செங்கல்லையா எரிக்கிறோம்?

உடல் எரிப்பவை முதன்மையாக இரண்டு: ஒன்று கொழுப்பு, மற்றொன்று மாவுச்சத்து. கொழுப்புக்குப் பஞ்சமே இல்லை. அறுபது கிலோ எடையுள்ள ஒல்லியான ஓட்டக்காரர் உடலிலும் ஐந்து கிலோ அளவு கொழுப்பு இருக்கும்; அது நாற்பதாயிரம் கலோரிக்கு மேல் தரவல்லது. ஆனால் அஃது ஈர விறகு போன்றது, மெல்லத்தான் எரியும். விரைந்து ஓடுங்கால் உடலுக்குக் காய்ந்த சுள்ளி வேண்டும். அச்சுள்ளியே கிளைகோஜன். நாம் உண்ணும் சோறும் ரொட்டியும் கிழங்கும் குளுக்கோசாக மாறி, பின்னர் தசையிலும் ஈரலிலும் கிளைகோஜனாகச் சேர்கின்றன. தசைகளில் ஏறத்தாழ 400 கிராம், ஈரலில் 100 கிராம். மொத்தம் இரண்டாயிரம் கலோரி அளவே தேறும். மாரத்தான் ஓட்டத்தின் 42 கிலோமீட்டரைக் கடக்க, அறுபது கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 2,500 கலோரி செலவாகும். கணக்கு இடிப்பதைக் காண்க. முப்பது கிலோமீட்டருக்குப் பின் பலருடைய கால்கள் திடீரெனக் கனத்துப்போவதற்கு இதுவே பெருங்காரணம்.

இதனை ஐயமற நிறுவியவர்கள் சுவீடன் நாட்டு மருத்துவ அறிஞர்கள். ஜோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹல்ட்மன் ஆகிய இருவரும் 1966-இல் வெளியிட்ட ஆய்வு சுவையானது. சோதனைக்கு வேறு ஆளைத் தேடாமல் அவர்களே அமர்ந்தனர். பயிற்சிக்கான மிதிவண்டி ஒன்றின் இருபுறமும் ஒருவருக்கொருவர் எதிராக இருந்துகொண்டு, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் சோர்ந்துபோகும் வரை மிதித்தனர். மற்றக் கால் ஓய்ந்திருந்தது. பிறகு தொடைத் தசையில் ஊசி செலுத்திச் சிறு துணுக்கு எடுத்துப் பார்த்தனர். மிதித்த காலில் கிளைகோஜன் ஏறக்குறைய வற்றியிருந்தது. ஓய்ந்த காலில் அப்படியே இருந்தது. அடுத்த மூன்று நாள்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டனர். வற்றிய கால் நிரம்பியதோடு நில்லாது, ஓய்ந்த காலைப்போல் இரு மடங்கு அளவைச் சேர்த்துக்கொண்டது! ஒரே வாய் உண்டது. ஒரே குருதி ஓடியது. உழைத்த கால் மட்டுமே மிகுதியாக வாங்கிக்கொண்டது.

அடுத்த ஆண்டில் அவர்களும் தோழர்களும் மற்றொன்று காட்டினர். கொழுப்பும் புரதமும் மிகுந்த உணவை மூன்று நாள் உண்டவர்கள், கடும் உழைப்பைச் சராசரி 57 நிமிடம் தாங்கினர். கலப்புணவு உண்டபோது 114 நிமிடம். மாவுணவு உண்டபோது 167 நிமிடம். ஆட்கள் அவர்களே, வேலையும் அதுவே. உணவு மட்டும் வேறு.

ஒரு நாள் ஓடுவோர்க்கு இது பெருஞ்செய்தி அன்று. நாளுக்கு இரு முறை, ஆண்டு முழுவதும் பயில்வோர்க்கே இதில் உயிர் இருக்கிறது. காலையில் வற்றியது மாலைக்குள் ஓரளவேனும், மறுநாள் விடியுமுன் பெரும்பாலும் நிரம்ப வேண்டும். நிரம்பாவிடின் ஒவ்வொரு நாளும் சிறிது கடன் ஏறும்.

கென்யா நாட்டு ஓட்ட வீரர் இக்கடனை எவ்வாறு அடைக்கின்றனர்? அந்நாட்டு அறிஞர் வின்சென்ட் ஒனிவேராவும் துணை ஆய்வாளரும், மேட்டுநிலப் பயிற்சி முகாம் ஒன்றில் முன்னணி வீரர் பதின்மரின் உணவை ஏழு நாள் நிறுத்துப் பார்த்து, 2004-இல் முடிவை வெளியிட்டனர். உணவின் ஆற்றலில் நூற்றுக்கு 76.5 பங்கு மாவுச்சத்திலிருந்து வந்தது, கொழுப்பு 13.4, புரதம் 10.1 பங்கே. முதன்மை உணவு உகாலி. மக்காச்சோள மாவைக் கொதிநீரில் இட்டுக் கிண்டிக் கெட்டியாக்குவது. நம் களியை அறிந்தோர்க்கு வேறு விளக்கம் வேண்டா. அதனுடன் சோறு, ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, அவரை விதை. பாலும் சர்க்கரையும் நிறைந்த தேநீர் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல். இறைச்சி சிறிதளவே. ஆயினும் புரதம் உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு 1.3 கிராம் கிடைத்தது. ஓடுவோர்க்கு அது போதும். எடை தூக்குவோர்க்கும் மல்லர்க்கும் இன்னும் சற்று வேண்டியிருக்கும்.

மாவுச்சத்து மட்டும் கிலோவுக்கு 10.4 கிராம், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கிராம். வெறுஞ்சோற்றாலேயே இதைப் பெறுவதானால் இரண்டு கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். ஒரே வேளையில் வயிறு ஏற்காது. ஆகவே பலமுறை பிரித்து, பயிற்சி முடிந்ததும் காலந்தாழ்த்தாமல் உண்கின்றனர். கடும் பயிற்சிக்குப் பின் முதல் நான்கு மணி நேரத்தில், மணிக்கு உடல் எடையின் கிலோ ஒன்றுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து கொள்வது நன்று என்பது இன்றைய அறிஞர் கருத்து. நாள் முழுதும் நாற்காலியில் இருப்பவர் இந்தத் தேநீரைப் பின்பற்றினால் விளைவதை மருத்துவரே சொல்வார்!

பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் மிதிவண்டிப் பந்தய வீரருக்கோ மேசையில் அமர்ந்து உண்ண நேரமே போதாது. 1980-களில் ஐவரை ஆராய்ந்தபோது, நாளுக்குச் சராசரி 5,900 கலோரி உண்டனர்; அதில் ஏறத்தாழப் பாதியை முறையான உணவு வேளைகளுக்கு இடையிலேயே உண்டனர். இக்காலத்தில் அவர்கள் சட்டைப் பையில் என்ன வைத்திருக்கிறார்கள் தெரியுமா? குழைய வேகவைத்த அரிசியைப் பாலாடைக்கட்டியும் சர்க்கரையும் சேர்த்து வில்லையாக வெட்டித் தாளில் மடித்து வைத்திருக்கிறார்கள். சோறு உண்டால் சோம்பல் வரும் என்று நம்மவர் சொல்லிக்கொண்டிருக்க, ஐரோப்பியர் அதை உண்டு மலையேறுகின்றனர்.

கென்ய ஆய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. அவ்வீரர் செலவிட்டது நாளுக்கு 3,605 கலோரி, உண்டது 2,987. சில நாள் இவ்வாறு குறைவது வேறு. திங்கள் கணக்கில் குறைவது வேறு. உணவு தொடர்ந்து போதாதபோது, உடல் ஓட்டத்திற்கு முதலில் கொடுத்துவிட்டு, எலும்பைக் கட்டுதல், இனப்பெருக்கச் சுரப்புகள், நோயைத் தடுத்தல் ஆகியவற்றில் சிக்கனம் பிடிக்கிறது. 2014-இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு இந்நிலைக்குத் தனிப் பெயரிட்டு எச்சரித்தது. இஃது ஆண்களுக்கும் உண்டு என அறிவித்தது. அடிபடாமலே காலெலும்பில் மெல்லிய விரிசல் காண்பது இதன் விளைவுகளுள் ஒன்று.

பள்ளிகளில் ஓட்டப் பயிற்சி தரும் ஆசிரியர் கருத வேண்டிய இடம் இது. பகல் உணவை விட்டுவிட்டு மாலைத் திடலுக்கு வரும் மாணவனும், எடை குறைந்தால் வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சோற்றை ஒதுக்கும் மாணவியும் சோம்பேறிகள் அல்லர். பெரும்பாலும் நன்றாக ஓட விரும்புவோரே. வளரும் வயதில் எலும்புக்குச் சேர வேண்டியது அப்போது சேராவிட்டால் பிறகு ஈடு செய்தல் அரிது. மாணவிக்கு மாதவிலக்கு மூன்று திங்கள் தொடர்ந்து நின்றால், அதைக் கடும் பயிற்சியின் இயல்பான பயன் என்று விட்டுவிடுவது பழைய வழக்கம். மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய அறிகுறி அது. அன்று மாலைப் பயிற்சியை நிறுத்தி அவள் என்ன உண்டாள் என்று கேட்கலாம்.